என்ன முறை?

2024 குடிசன மதிப்பீடு எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது 2025 பிறந்துவிட்டிருந்தது. கையில் டப்லெட்டோடு வந்த பிள்ளைக்கு 25 வயதிருக்கும். விறாந்தையில் கதிரை போட்டு, பிளேன்டீ கொடுத்து உட்காரவைத்தோம். ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி வந்தது. "வீட்டுத் தலைவர் ஆர்?"

இவர் தன் பெயரைச் சொன்னார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார். திருகோணமலை உவர்மலையில் இருக்கிற இந்த வீடு அம்மாவுக்கு அவருடைய அம்மா சீதனமாகக் கொடுத்தது. பிறகு எனக்குச் சீதனமாக வந்தது. உறுதி என் பெயரில் இருக்கிறது. கரண்ட் பில் என் பெயரில் வருகிறது. மேல்தளம் கட்டிய லோனை என் சம்பளத்தில்தான் வெட்டினார்கள். இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. "நீங்கள் அவருக்கு?" "மனைவி." "இவங்க?" "மாமி." தன் தாய் கொடுத்த வீட்டில் என் அம்மா மருமகனுக்கு மாமியாராகப் பதிவானார்.

அடுத்து அந்தப் பிள்ளை மேல்வீட்டுக்கு ஏறினாள். படி வழுக்கும் என்று நானும் கூடப் போனேன். மேலே வாடகைக்கு இருப்பவர்கள் இரண்டு பெண்கள். இருவருக்கும் முப்பது தாண்டிவிட்டது. அம்மா அவர்களைப் பெரியபிள்ளை, சின்னப்பிள்ளை என்று கூப்பிடுவார். வயதை வைத்து இல்லை, உயரத்தை வைத்து. உண்மையில் பெரியபிள்ளைதான் ஒரு வயது இளையவள்.

"வீட்டுத் தலைவர் ஆர்?"

"இவ" என்றாள் பெரியபிள்ளை. "இல்லை, இவ" என்றாள் சின்னப்பிள்ளை. இருவரும் சிரித்தார்கள், வந்த பிள்ளையும் சிரித்தாள்.

"சரி, ஒராளைப் போடுவம். மற்ற ஆள் அவவுக்கு என்ன முறை?"

சிரிப்பு நின்றது. "ஃபிரெண்ட்" என்றாள் சின்னப்பிள்ளை, என்னைப் பார்க்காமல். "அப்ப உறவில்லாதவர்" என்று சொல்லித் திரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள் அந்தப் பிள்ளை. அவள்மேல் பிழையில்லை. நல்ல பிள்ளை, போகும்போது தேத்தண்ணிக் கோப்பையைக் குசினி வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் போனாள்.

இதை எழுதலாமா என்று அவர்கள் இருவரிடமும் கேட்டேன். வாசித்துப் பார்த்துவிட்டு, இரண்டு இடத்தில் வெட்டிவிட்டு, "போடுங்க அக்கா" என்றார்கள். வேலையையும் சொந்த ஊரையும் மாற்றியிருக்கிறேன். இவரிடமும் கேட்டேன். காப்புக் கதையைப் போடவேண்டாம் என்றார். அது இல்லாமல் மிச்சத்தை எழுத முடியாது என்றேன். "அப்ப என்ர பேரைப் போடாத" என்றார். போடவில்லை.

2019 இல் அவர்கள் வீடு கேட்டு வந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. குடி இல்லை, கூத்து இல்லை, மாதம் முடிய முன்பே வாடகை வரும். இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தால் எங்கள் ஊரில் எவருக்கும் சந்தேகம் வராது. ஓர் ஆணும் பெண்ணும் எழுத்து எழுதாமல் ஒரு கிழமை இருந்து பார்க்கட்டும், தெருவே கூடிவிடும். அந்த வகையில் எங்கள் ஊரின் கண்மூடித்தனம் அவர்களுக்கு ஒரு கூரை. ஆனால் நட்பு என்கிற பெயருக்குக் கீழே இருக்கும்வரைதான் அந்தக் கூரை.

எனக்கு எப்படித் தெரியவந்தது என்று கேட்டால், நுளம்பு வலையால். ஒருநாள் கூரை ஒழுகுகிறது என்று மேசனைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். இரண்டு அறை, இரண்டு கட்டில். இரண்டாவது அறைக் கட்டிலில் மடிப்புக் கலையாத விரிப்பு, அதன்மேல் அயன் பண்ணிய உடுப்பு. வலை வாங்கியபடி உறையோடு அலுமாரிக்கு மேல் இருந்தது. மூன்று வருடமாக இந்த ஊரில் ஒருத்தி வலை கட்டாமல் படுத்தாள் என்றால் நான் நம்பமாட்டேன். மேசன் ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியபிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் அவள் இறங்கி வந்து, "வீட்டை விடச் சொல்லப்போறீங்களா அக்கா?" என்று கேட்டாள். கூரைக்குத் தார் பூசும்வரை உடுப்பைக் கவனமாக வை என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் எனக்குள் ஒன்றும் குழப்பமே இல்லை என்று எழுதினால் பொய். மகள் சாதாரண தரம் படிக்கிற வீடு, ஊர் என்ன கதைக்கும் என்று இரண்டு இரவு புரண்டேன். மூன்றாவது இரவு நித்திரை வந்துவிட்டது.

தன்பாலீர்ப்பு என்கிற சொல்லை எழுத்தில்தான் பார்த்திருக்கிறேன். மேல்வீட்டில் அதைச் சொல்வதில்லை. "என்ர ஆள்" என்பார்கள். நாங்கள் பள்ளிக்கூடக் காலத்தில் காதலனைச் சொன்ன அதே சொல்.

அதற்குப் பிறகுதான் அவர்களுடைய சண்டைகள் என் காதில் விழத் தொடங்கின. முன்பும் நடந்திருக்கும். ஆனால் அவர்கள் சண்டை பிடிக்கும்போது குளியலறைக் குழாயைத் திறந்துவிடுவார்கள், சத்தம் கீழே வராமல் இருக்க. நான் ஒன்றும் விளங்காமல், "என்ன பிள்ளையள், தாங்கி ரெண்டு தரம் நிரப்பவேண்டிக் கிடக்கு" என்று குறைபட்டிருக்கிறேன். தண்ணீர்ப் பில்லில் வந்த அவர்களுடைய சண்டைகளை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

எதற்குச் சண்டை? மோட்டரை நிப்பாட்ட மறந்தது யார். சாப்பிடும்போது போனைப் பார்ப்பது ஏன். அம்மாவுக்கு அனுப்பிய காசை ஏன் சொல்லவில்லை. ஒருத்தி கோபம் வந்தால் வாய் ஓயமாட்டாள், மற்றவள் மூன்று நாள் வாய் திறக்கமாட்டாள். கீழே நாங்கள் பிடிக்கிற சண்டையும் இதேதான். ஒருநாள் மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் காஸ் சிலிண்டர் பற்றியே சண்டை நடந்தது. 2022 அது. நாட்டில் எல்லா வீட்டிலும் அந்தச் சண்டை நடந்திருக்கும்.

கந்தோரில் வேலை குறைந்த ஒரு நாள் இதைப்பற்றித் தேடி வாசித்தேன். லோரன்ஸ் குர்டெக் என்கிற அமெரிக்க உளவியலாளர் ஆண்–பெண் இணையர், ஆண்–ஆண் இணையர், பெண்–பெண் இணையர் மூன்று பகுதியினரையும் வைத்து, எதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1994 இல் எழுதியிருக்கிறார். நெருக்கம், அதிகாரம் போன்ற பெரிய விஷயங்களில் மூன்று பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மோதிக்கொள்கிறார்கள். அரசியல், சமூகம் என்று வந்தால் ஆண்–பெண் இணையர் கூடுதலாக வாதாடுகிறார்கள். நம்பிக்கையின்மை பற்றிய சண்டை மற்ற இரண்டு பகுதியினரிடமும் கூடுதல். அவர்களுடைய வட்டம் சிறியது, பழைய காதலி அதே வட்டத்தில் கூட்டாளியாகத் தொடர்ந்து இருப்பாள், அதனால் என்று ஒரு விளக்கம். இதைச் சின்னப்பிள்ளையிடம் சொன்னேன். "இந்த ஊரில வட்டமா அக்கா? எங்களோட சேர்த்து மொத்தம் அஞ்சு பேரைத் தெரியும். அதில ஒருத்தி இவவின்ர பழைய ஆள்" என்றாள்.

ஜோன் கொட்மனும் ரொபர்ட் லெவன்சனும் 12 வருடம் தன்பாலின இணையரைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வொன்றும் இருக்கிறது. இணையரை எதிரெதிரே உட்காரவைத்து, தீராத பிரச்சினை ஒன்றைக் கதைக்கச் சொல்லிப் பதிவுசெய்கிறவர்கள் இவர்கள். 2003 இல் வெளிவந்த முடிவுகளில் எனக்குப் பிடித்தது இது: தன்பாலின இணையர் சச்சரவைத் தொடங்குகிற விதமே மெதுவாக இருக்கிறதாம். பகிடி கூட, அதட்டல் குறைவு, ஒருவரையொருவர் அடக்கி வைக்கப் பார்ப்பதும் குறைவு. குர்டெக்கின் வேறு ஆய்வுகளில் வீட்டு வேலையை இவர்கள் சமமாகப் பங்குபோடுவதும் தெரிகிறது. காரணம் விளங்குகிறது. மேல்வீட்டில் சட்டி கழுவுவது யார் என்பதைப் பிறக்கும்போதே எழுதி வைக்கவில்லை. தினமும் கதைத்துத்தான் முடிவெடுக்கவேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கதை எழுவதே இல்லை, சட்டி எனக்குத் தெரிந்த நாளிலிருந்து எனக்குத்தான்.

ஆண்–பெண் எல்லோருக்கும் பொதுவான ஒரு கணக்கையும் கொட்மன் சொல்கிறார். இணையருக்குள் வருகிற பிரச்சினைகளில் 69 விழுக்காடு தீரவே தீராத வகையாம். ஆளின் இயல்பிலிருந்து வருவது, காலம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். அதைத் தீர்ப்பது எப்படி என்று தேடாமல் அதோடு எப்படிக் கதைத்துக்கொண்டிருப்பது என்று பழகவேண்டும் என்கிறார். இதை வாசித்த அன்று இவரைக் கொஞ்சம் அன்பாகப் பார்த்தேன்.

இனிக் காப்புக் கதை.

2022 இல், பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், ஒரு கலியாண வீட்டுக்குப் போடலாம் என்று அலுமாரியைத் திறந்தால் என் இரண்டு காப்பும் இல்லை. இவர் தன் அக்காவின் மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப அதை அடகு வைத்திருந்தார். எனக்குச் சொல்லவில்லை. மூன்று மாதம் நாங்கள் கதைக்கவில்லை.

அந்த மூன்று மாதத்தில் எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? மூதூரிலிருந்து இவருடைய பெரியண்ணர் வந்தார். பாலையூற்றுப் பெரியம்மா வந்து இரண்டு இரவு தங்கினார். மச்சாள் அழுதபடி போன் எடுத்தாள். கனடாவில் இருக்கிற என் தம்பி நடுச்சாமத்தில் வாட்ஸ்அப்பில் வந்து, "அக்கா, அத்தானோட நான் கதைக்கிறன்" என்றான். அம்மா எங்கள் அறைவாசலில் தேத்தண்ணியோடு நிற்காத நாளில்லை. எல்லோரும் காசைப் பற்றியே கதைத்தார்கள். வட்டி எவ்வளவு, எப்போது மீட்பது, மச்சாள் எவ்வளவு தருவாள். எட்டு மாதத்தில் காப்பு கைக்கு வந்துவிட்டது. எல்லோரும் சமாதானம் என்று நினைத்துக்கொண்டார்கள். புருஷன்தானே, வேறு ஆருக்கும் கொடுத்தாரா என்றார் பெரியம்மா.

நான் கேட்க நினைத்தது வேறு. என்னிடம் ஏன் கேட்கவில்லை என்பது. அத்தனை பேர் நடமாடுகிற வீட்டில் அதைக் கேட்க இடமிருக்கவில்லை. மாமியார், மச்சாள், பெரியண்ணர், அத்தான் என்று ஒவ்வொரு முறையாக வந்து உட்கார்ந்துகொண்டால் நடுவில் இருக்கிற இரண்டு பேருக்கு எங்கே இடம்? கடைசியில் ஒருநாள் கரண்ட் நின்று, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், இருட்டில் இவரே சொன்னார்: "கேட்டால் நீ குடுத்திருப்பாய். அதுதான் கேக்கேல்லை. இந்த வீட்டில நான் எதைத்தான் கேக்காமல் எடுத்திருக்கிறன்?"

அப்போது எங்களுக்குக் கலியாணமாகிப் பதினைந்து வருடம். கிழக்கில் எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குப் போகும், மாப்பிள்ளை வந்து சேருவார். பெண்ணுக்கு அது பெரிய பலம் என்று நானே மேடையில் பேசியிருக்கிறேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் மாமியாரின் குசினி, மனைவியின் உறுதி, மாமனாரின் படத்துக்குக் கீழே சாப்பாட்டு மேசை. அதற்குள் ஒரு மனிதர் பதினைந்து வருடம் விருந்தாளியாக இருந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. அடகு வைத்தது பிழை. அதை நான் இன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் குடிசன மதிப்பீட்டுப் பிள்ளையிடம் அவர் தலைவர் என்று தன் பெயரைச் சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அந்த இருட்டில் கேட்ட சொல்தான்.

அந்தக் கோபத்தில் சட்டத்தரணியாக இருக்கிற கூட்டாளி ஒருத்தியிடம் விவாகரத்துப் பற்றிச் சும்மா கேட்டுப் பார்த்ததுண்டு. பொதுச் சட்டத்தில் மூன்று காரணம்தான் என்றாள். சோரம், வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. எங்களுக்கு ஒத்துவரவில்லை என்பது காரணமாகாது. ஒருவர் மற்றவர்மேல் குற்றம் சாட்டித்தான் பிரியவேண்டும். "அப்ப இவர் நல்லவர் எண்டால் எனக்கு விடுதலை இல்லையா?" என்றேன். "இல்லை, நீ இருந்து பழகு" என்று சிரித்தாள்.

எங்களை வெளியே போகவிடாத சட்டம் அது. மேல்வீட்டுக்காரருக்கு இருக்கிறது வேறு சட்டம். தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. அதில் 365ஆம் பிரிவும் 365அ பிரிவும் தன்பாலின உறவைக் குற்றமாக்குகின்றன. 365அ முதலில் ஆண்களை மட்டும்தான் சொன்னது. 1995 இல் சட்டத்தைத் திருத்தியபோது "ஆண்" என்று இருந்த இடத்தில் "ஆள்" என்று வருகிறமாதிரி மாற்றிவிட்டார்கள், பெண்களும் உள்ளே வந்தார்கள். சமத்துவம் என்றால் இதுதான் போல. இரண்டு வருடம் வரை சிறை. இந்தப் பிரிவுகளை நீக்கும் தனிநபர் சட்டமூலம் ஒன்று வந்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. மேல்வீட்டில் அன்று கேக் வெட்டினார்கள், ஏதோ பிறந்தநாள் என்று சொல்லி அம்மாவுக்கும் துண்டு வந்தது. 2024 இல் நாடாளுமன்றம் கலைந்தது, சட்டமூலம் சட்டமாகாமலே போயிற்று.

பொலிஸ் வந்து கதவைத் தட்டியது என்று ஒன்றும் இல்லை. அந்தப் பிரிவு வேலை செய்வது வேறு மாதிரி. இங்கே வருவதற்கு முன்பு அவர்கள் இருந்த வீட்டுக்காரருக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. "சட்டம் இருக்கு, ரெண்டு பேரையும் பொலிசில குடுப்பன்" என்றாராம். கொடுக்கவில்லை. ஆறு மாத முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார். யாரிடம் போய் முறையிடுவது?

பயம் வாசலோடு நிற்பதில்லை. சண்டைக்குள்ளும் வந்து உட்காருகிறது. பின்னேரத்தில் டச்பே கடற்கரைக்குப் போனால் பெரியபிள்ளை இரண்டு அடி தள்ளித்தான் நடப்பாள். தன்னோடு வங்கியில் வேலை செய்கிறவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பயம். சின்னப்பிள்ளைக்கு அது அவமானம். "என்னோட நடக்க உனக்கு வெக்கம்" என்பாள். வெட்கமும் பயமும் வெளியே இருந்து பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும், ஆறு வருடம் கூட இருக்கிறவளுக்குமே. எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இவர் என்னோடு கடற்கரைக்கு வராததற்குக் காரணம் வெறும் சோம்பல், அது எனக்கு நன்றாகத் தெரியும். இலான் மேயர் என்கிற ஆய்வாளர் இதைச் சிறுபான்மை மன அழுத்தம் என்று விரித்து எழுதியிருக்கிறார். வெளியில் நடந்தது மட்டுமில்லை, எப்போது நடக்குமோ என்று காத்திருப்பதும் ஆளை அரித்துவிடும் என்பது அதில் ஒரு பகுதி.

இதைவிடப் பெரிய பிரச்சினை, யாருக்குச் சொல்லியிருக்கிறது என்பது. பெரியபிள்ளை தன் அக்காவுக்குச் சொல்லிவிட்டாள். அக்கா ஒரு வருடம் கதைக்காமல் இருந்து, பிறகு இரண்டு சேலை வாங்கி அனுப்பினாள், இரண்டு பேருக்கும். சின்னப்பிள்ளை எவருக்கும் சொல்லவில்லை. அப்பா இதய நோயாளி, அண்ணன் வவுனியாவில், ஊரில் மரியாதையான குடும்பம். அவள் கண்டுபிடித்த வழி வேறு. தெரிந்த சாத்திரியார் ஒருவரைப் பிடித்து, எட்டில் செவ்வாய் என்று குறிப்பில் எழுதுவித்தாள். ஐந்து வருடம் செவ்வாய்க் குற்றம் அவளைக் காப்பாற்றியது. வந்த சம்பந்தம் எல்லாம் பொருந்தாமல் திரும்பிப் போனது. கேட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். செவ்வாய் தோஷத்தால் வாழ்வு பெற்ற ஒரே பெண் இவளாகத்தான் இருப்பாள்.

2024 நடுவில் சுவிசிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். அவருக்கும் செவ்வாய்.

வீடே கொண்டாடியது. இனி மறுக்க ஒன்றும் இல்லை. சின்னப்பிள்ளை முடியாது என்றும் சொல்லவில்லை, ஆம் என்றும் சொல்லவில்லை, யோசிக்க நேரம் கேட்டாள். அந்த "யோசிக்க" என்கிற சொல்லில்தான் மேல்வீடு உடைந்தது. "எதை யோசிக்கப்போறாய்?" என்று பெரியபிள்ளை கேட்டதை, குழாய் ஓடிக்கொண்டிருந்தும், நான் கேட்டேன். அடுத்த நாள் சின்னப்பிள்ளை ஒரு பையோடு ஓட்டோ பிடித்து பஸ் ஸ்ராண்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாதம். கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. பெரியபிள்ளை காலையில் வேலைக்குப் போனாள், பின்னேரம் வந்தாள், வாடகையைச் சரியாகத் தந்தாள். அவளுடைய குடும்பம் கலைந்துபோயிருக்கிறது என்று இந்த ஊரில் எவருக்கும் தெரியாது. மூதூரிலிருந்து ஒருவரும் வரவில்லை. நடுச்சாமத்தில் கனடாவிலிருந்து ஒருவரும் கதைக்கவில்லை. வேலைசெய்கிற இடத்தில் கண் சிவந்திருந்தால் தூசி என்று சொல்லவேண்டும், அறைத்தோழி ஊருக்குப் போனதற்கு யாராவது அழுவார்களா? கலியாணம் முடித்தவர்கள் பிரிந்து போவதற்கு அதிகத் தடைகள் இருக்கின்றன, இவர்களுக்கு அப்படியான தடைகள் குறைவு, அதனால் பிரிவும் கூடுதல் என்று குர்டெக் எழுதியிருந்ததை அப்போது திரும்ப நினைத்தேன். என் விஷயத்தில் அந்தத் தடைகள் பாலையூற்றுப் பெரியம்மாவின் உருவத்தில் இரண்டு இரவு என் கட்டிலிலேயே படுத்துக் குறட்டை விட்டன.

ஒருநாள் அம்மா, "மேல சமைக்கிற மணம் வரேல்லை" என்று சொல்லிவிட்டுப் பிட்டும் மீன் சொதியும் கட்டித் தந்தார். கொண்டுபோனேன். படியில் உட்கார்ந்திருந்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் நானும் பெரியம்மாவாகிவிட்டேன். "விட்டுக்குடு பிள்ளை. வருவா" என்றேன். அவள் பிட்டைப் பார்த்தபடி, "எதை விட்டுக்குடுக்கிறது அக்கா? அவளைத்தானே?" என்றாள். எங்கள் வீட்டுச் சண்டைகளுக்கு எழுதிவைத்த மருந்து அது, அவளுடைய நோய்க்குப் பொருந்தவில்லை. அதற்குப் பிறகு புத்தி சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் அவளையும் கூட்டிக்கொண்டு கோணேசர் கோயிலுக்கு நடப்பேன். கோட்டை வாசலுக்குள் மான்கள் படுத்திருக்கும், ஓட்டோக்காரர் ஹோன் அடித்தாலும் எழும்பாது. அந்த மலையில் ஒல்லாந்தர் காலத்துத் தூண் ஒன்று இருக்கிறது. பிரான்சினா வன் றேட் என்கிற பெண்ணின் பெயரும் 1687 என்கிற ஆண்டும் அதில் வெட்டியிருக்கிறது. காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்து அவள் மலையிலிருந்து குதித்தாள் என்று வருகிற வெள்ளைக்காரர் எல்லோருக்கும் வழிகாட்டிகள் சொல்வார்கள். "குதிக்கவே இல்லையாம் அக்கா" என்றாள் பெரியபிள்ளை. பழைய பதிவுகளைப் பார்த்தவர்கள், அவள் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்து வேறொருவரைக் கட்டினாள் என்று எழுதியிருக்கிறார்களாம். நடக்காத ஒன்றுக்கு ஊரே முன்னூறு வருடமாகச் சாட்சி சொல்லிக்கொண்டு நிற்கிறது என்று சிரித்தாள். இரண்டு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

சின்னப்பிள்ளை எப்படித் திரும்பி வந்தாள் என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சுவிஸ் மாப்பிள்ளைக்கு என்ன காரணம் சொன்னாள் என்பது அவர்கள் வெட்டிய இரண்டு இடங்களில் ஒன்று. ஒரு காலை மேலே தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். வீட்டில் இன்றுவரைக்கும் சொல்லவில்லை. அந்தச் சண்டை 69 விழுக்காட்டில் ஒன்று என்று நினைக்கிறேன்.

குடிசன மதிப்பீடு முடிந்து சில மாதத்தில் சின்னப்பிள்ளைக்கு டெங்கு. மூன்றாம் நாள் இரத்தத்தட்டு எண்ணிக்கை இறங்கத் தொடங்க வார்ட்டில் போட்டார்கள். டெங்கு என்றால் மணிக்கு மணி எவ்வளவு குடித்தது, எவ்வளவு போனது என்று அளந்து எழுதவேண்டும். பெரியபிள்ளை வங்கிக்காரி, கணக்கு அவளுக்குக் கைவந்தது. இரண்டு இரவு, ஒரு கட்டமும் விடாமல், அச்சடித்தமாதிரி எழுதி வைத்திருந்தாள். வார்ட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெண் வார்ட், பெண் துணைக்கு நிற்கலாம். மூன்றாவது நாள் அண்ணன் வவுனியாவிலிருந்து வந்தார். டொக்டர், "சொந்தக்காரர் ஆர்?" என்று கேட்க, அவர் முன்னுக்குப் போனார். பெரியபிள்ளை எழுதி வைத்திருந்த தாளை வாங்கிக் காட்டினார். அதில் இருந்தது யாருடைய கையெழுத்து என்று டொக்டர் கேட்கவில்லை. அவள் நடைபாதையில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள்.

"நீங்க வீட்ட போங்கோ தங்கச்சி, உங்களுக்கு ஏன் கரைச்சல். இனி நான் நிக்கிறன்" என்றார் அண்ணன். கெட்ட மனிதரில்லை. உண்மையில் நன்றியோடுதான் சொன்னார்.

நான் என் வாழ்க்கையில் சரியான நேரத்தில் சரியான ஒன்றைச் சொன்னது அன்றுதான். "தம்பி, இது பொம்பிளை வார்ட். ராவில ஆம்பிளை நிக்க விடமாட்டினம், புருஷன் எண்டாலும் வெளியிலதான்" என்றேன். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அவள் நின்றாள். உறவுக்காரருக்குக் கிடைக்காத இடம் உறவில்லாதவருக்குக் கிடைத்தது, அன்றைக்கு மட்டும்.

பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த கிழமையே சண்டை. விறாந்தையில் நாங்கள் இருந்தோம், பின்னேரம் ஆறு மணியிருக்கும். "வலையைக் கட்டச் சொன்னனா இல்லையா? அந்த அறையில கிடந்து போன் நோண்டாத எண்டு எத்தினை தரம் சொன்னனான்?" பெரியபிள்ளையின் குரல் தெருவுக்கே கேட்டது. அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. சின்னப்பிள்ளையும் விடவில்லை. யன்னல் திறந்து கிடந்தது. குழாய்ச் சத்தம் இல்லை.

இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "போய் என்னெண்டு கேக்கவா?" என்று எழும்பினார்.

"இரு தம்பி" என்றார் அம்மா, எங்களுடைய ஒரு சண்டையைக்கூட விட்டுவைக்காத அம்மா. "குடும்பச் சண்டைக்குள்ள ஆரும் போறதோ?"

சொல்லிவிட்டு மீண்டும் அரிசியைப் புடைக்கத் தொடங்கினார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. மேலே தாங்கி நிரம்பித் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது. மோட்டரை நிப்பாட்ட மறந்துவிட்டார்கள். இவர்தான் போய் நிப்பாட்டினார்.